ஐப்பசியில் வண்டிக்கு இழுவை போனது

எங்கள் வண்டிக்கு இழுவை போனது ஆயுத பூஜை கழிந்து நாலாம் நாள், ஒரு சனிக்கிழமை காலையில். எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு ஊர்க்காரர்களின் ஆடு பதினொன்றை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் முன்னால், ஆடுகள் பின்னால். ஊரைத் தாண்டி ஆறேழு மைல் நன்றாகத்தான் ஓடியது. அதற்குப் பிறகு ஒரு சின்ன மேடு வரும். சைக்கிளில் போகிறவர்கள்கூட அதில் இறங்கித் தள்ள மாட்டார்கள். அந்த மேட்டில் வண்டி திணற ஆரம்பித்தது. அவர் மிதித்தார். மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. கியரை இறக்கிப் பார்த்தார். இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோனது.

“சத்தம் எப்படி இருந்துச்சு?” என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

ஓட்டுகிறவர் பக்கத்தில் இருக்கிறவளிடம் ஏன் சத்தத்தைக் கேட்கிறார் என்று தோன்றும். அவருக்குக் காது கேட்காது. சின்ன வயதிலேயே லாரிக்குப் போனவர். அந்தக் காலத்து லாரிகளில் டிரைவரின் இடது தொடைக்குப் பக்கத்திலேயே இஞ்சின் கிடந்து கத்தும். வருசக்கணக்காக அதன் பக்கத்தில் உட்கார்ந்ததில் முதலில் இடது காது மந்தமானது. பிறகு லாரியை விட்டுவிட்டு, யாரோ ஓட்டி அலுத்த இந்தப் பிக்கப்பை வாங்கிச் சொந்தமாக ஓட்டினார். ஆறு வருசத்துக்கு முந்தி வலது காதும் போனது. திருநெல்வேலிக்குப் போய் மிஷின் வாங்கி மாட்டினோம். “தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுத மாதிரி இருக்கு” என்று ஒரே வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார். கண் நன்றாகத் தெரியும். ரெண்டு பக்கமும் பெரிய கண்ணாடி மாட்டி ஓட்டுகிறார். பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் நான் தோளைத் தொடுவேன்.

காது இருந்த நாளில் ஒரு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, “பெல்ட்டு தளந்துபோச்சு”, “நாசில் அடிக்கி” என்று சோற்றுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். இப்போது உள்ளங்காலால்தான் கேட்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலை ஆக்சிலேட்டரில் வைத்துக்கொள்வார். காலுக்கும் பிடிபடாததை என்னிடம் கேட்பார். நான் அவர் முன்கையில் உள்ளங்கையால் தட்டி, இஞ்சின் எப்படி ஓடியது, எப்படி நின்றது என்று காட்டுவேன்.

அன்றைக்கும் இறங்கி, பானெட்டைத் திறந்துகொண்டு நின்றவரின் கையில் தட்டிக் காட்டினேன். கை தட்டத் தட்ட வாயும் தானாகச் சத்தம் போட்டது.

“டொக்கு டொக்கு டொக்குன்னு வந்துச்சா… பொறவு டொக்… டொக்…”

ரோட்டோரம் பாசிப்பயறுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ரெண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“ஏட்டி, வண்டி நின்னுபோச்சு, ஆச்சி ஓடுதா பாரு!” என்றாள் ஒருத்தி. மற்றவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

நான் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டேன். கதவுக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டேன். என் சுபாவம் அப்படி. ஊரில் கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அடுப்படிப் பக்கம்தான் நிற்பேன். ஆம்பளைகள் கூடி நிற்கிற இடத்தில் வாய் திறந்து பேசியதில்லை.

பத்து நிமிசம் கழித்து அவர் சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது. சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல ஏவாரமெல்லாம் முடிந்திருந்தது. ஆட்டுக்காரர்களில் ஒருத்தர், “அடுத்த வாரம் ஆட்ட நடத்தியே கூட்டிட்டு வந்துருதோம் அண்ணாச்சி. ஒம்ம வண்டிக்கு முந்தி வந்து சேந்துரும்” என்றார். நல்லவேளை, அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

வண்டி போனால் என்ன, வயசாகிவிட்டது, வீட்டில் இருங்கள் என்று போனில் மகள் சொல்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. காது போனதிலிருந்து வீட்டில் அவர் பேசுவதில்லை. தன் குரல் கூடிப்போகிறதா குறைந்துபோகிறதா என்று அவருக்கே தெரியாது. ஒருநாள் துக்க வீட்டில் என்னிடம் மெதுவாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, “சோறு போடுவாகளா?” என்று கேட்டது தெருவுக்கே கேட்டுவிட்டது. அதிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டார். மகள் ஒரு நோட்டு வாங்கித் தந்து, “எழுதிக் காட்டுங்கம்மா” என்றாள். “சாப்பிட வாங்க.” “கரண்டு பில் வந்திருக்கு.” அதற்கு மேல் எழுத எனக்கும் கூச்சம். ஐந்தாம் வகுப்பு எழுத்து. இப்போது இவ்வளவு எழுதுகிறேனே என்றால், இதை அவர் படிக்கப்போவதில்லை என்கிற தைரியம்தான்.

வண்டிக்குள் மட்டும் அவர் பழைய ஆள். பேசிக்கொண்டே வருவார். ஏனென்றால் வண்டிக்குள் நாங்கள் என்றைக்குமே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்கு ஒழுங்காகக் கேட்டதில்லை. கதவு ஆடுகிற சத்தம், இஞ்சின் சத்தம், காற்று. பாதி கூச்சல், பாதி கைச்சாடை. அங்கே அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, யார் காட்டில் என்ன விதைத்திருக்கிறது, எந்தக் கிணற்றில் மோட்டார் விழுந்தது, இன்ன திருப்பத்தில் லாரியைக் கவிழ்த்தவன் எப்படித் தப்பித்தான் என்று சொல்லிக்கொண்டே வருவார். ஆமாம் என்றால் நான் அவர் முழங்கையில் ஒரு தட்டு. இல்லை என்றால் ரெண்டு. விளாத்திகுளத்திலிருந்து மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றி வரும்போது நெடி தாங்காமல் ரெண்டு பேரும் தும்முவோம். தும்மலுக்கு நடுவிலும் கதையை விட மாட்டார்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த ஆளைக் காணோம். அதனால் வண்டிக்கு இழுவை குறைந்தது என்றதும் எனக்கு வேறு பயம் வந்தது. வண்டி நின்றுவிட்டால் அவருடைய பேச்சும் அதோடு நின்றுவிடும்.

கோவில்பட்டியில் எங்களுக்கு வழக்கமான பட்டறை ஒன்று உண்டு. மெக்கானிக் என் வீட்டுக்காரரைவிடப் பத்து வயசு இளையவர். அவரை அண்ணாச்சி என்பார், என்னை மதினி என்பார். அவரிடம் சொல்ல வேண்டியதைச் சாக்பீஸால் எங்கள் வண்டிக் கதவிலேயே எழுதிக் காட்டுவார். முதல் தடவை போனபோது டீசல் பில்டரை மாற்றினார். காற்று பில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். கறுப்புப் புழுதி குவியலாக விழுந்தது.

“மதினி, இந்த மண்ண வச்சி ஒரு குறுக்கம் நெலத்துக்கு உளுந்து வெதைக்கலாமே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் வண்டிக்குள் இருந்தபடியே சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன்.

பைப்பில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, மெக்கானிக்கே ஓட்டிப் பைபாஸ் வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். வண்டி பறந்தது. கதவில் ‘ஓகே’ என்று எழுதினார். அந்த எழுத்தோடுதான் திரும்பினோம். எட்டயபுரத்தைத் தாண்டி நாலு மைலில் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அப்படியே ஓடியது. பக்கத்து ஊருக்கு உர மூட்டை கொண்டுபோனால் ஒன்றும் செய்யாது. தூரம் போனால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் எடுக்கும். டீசல் போட்டதும் நன்றாக இழுக்கும். அந்தக் கடைசி விசயத்தை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். டீசலில்தான் கோளாறு. புதிதாகப் போடுகிற டீசல் கொஞ்ச தூரத்துக்கு வேலை செய்கிறது, அடியில் கிடக்கிற பழைய டீசல் கெடுக்கிறது. டேங்கைக் கழற்றிக் கழுவினார். வெயிலில் காயவைத்து, வேறு பெட்ரோல் பங்கில் டீசல் போட்டார். மறுபடியும் நின்றது.

அந்த வேறு பங்கில்தான் நான் முதலில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டேங்க் மூடி என் ஜன்னலுக்குக் கீழே, கதவுக்குக் கொஞ்சம் பின்னால். பங்குக்காரர்களைத் தொடவிடாமல் அவரே இறங்கிவந்து மூடியைத் திருகுவார். திருகியதும், ‘உஸ்ஸ்ஸ்…’ என்று நீளமாக ஒரு சத்தம். டயர்தான் போய்விட்டது என்று பயந்து எட்டிப் பார்த்தேன். டயர் நன்றாக இருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. டீசலைப் போட்டார், மூடினார், ஏறினார். சொல்லலாமா என்று நினைத்தேன். சுற்றிலும் மோட்டார் சைக்கிளில் ஆட்கள் நின்றார்கள். அங்கே வைத்து அவர் கையைத் தட்டி, வாயால் உஸ்ஸ் என்று காட்ட வேண்டும். களை எடுத்த பெண்களின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு வேறு பேச்சு வந்தது.

அடுத்த தடவையும் அதே சத்தம். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூடி திறந்தால் அப்படித்தான் சத்தம் வரும்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்குக் காது இருந்தால் அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், அடுத்த நிமிசம் சரிபண்ணியிருப்பார். காதிருந்த எனக்குக் கேட்டது, விசயம் தெரிந்த அவருக்குக் கேட்கவில்லை. நடுவில் என் கூச்சம் ஒன்றுதான் அடைத்துக்கொண்டு கிடந்தது.

ரெண்டாம் தடவை பட்டறைக்குப் போனபோது மெக்கானிக் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் கதவில் ‘பம்ப்’ என்று எழுதி, அதன் கீழ் ஒரு கோடு போட்டார். டீசல் பம்பைக் கழற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பி வேலை பார்க்க வேண்டும். வண்டிக்கு வயசாகிவிட்டது, பார்த்தாலும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வாருங்கள், கழற்றுவோம் என்றார்.

பம்ப் என்ற எழுத்தோடு வண்டி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. போகிற வருகிறவர்கள் வாசித்துவிட்டுப் போனார்கள். அவர் ஒரு தகர நாற்காலியை எடுத்துப் போட்டு வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளில் அவர் பேசிய சொற்களை எண்ணினேன். பதினாலு. அதில் நாலு ‘ம்’. அடுப்படியில் இருந்துகொண்டு நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. எங்கேயாவது போவோம், வண்டியில் ஏறி உட்காருவோம், ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லட்டும். யார் காட்டு உளுந்தாவது, யார் வீட்டுச் சண்டையாவது. ஒரே வீட்டில், கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்காக இப்படி ஏங்குவேன் என்று நான் நினைத்ததில்லை. வெளிநாட்டுக்குப் போன புருசனுக்குக் கடிதமாவது போடலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வண்டியாகக் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் அவர் பேசினார். ஆனால் நான் கேட்க நினைத்த பேச்சு இல்லை.

“பம்ப்புக்கு வேல பாக்கதும் ஒண்ணு, வண்டியக் குடுத்துருததும் ஒண்ணு. பழைய வண்டி வாங்குதவரு இன்னைக்குப் பட்டறைக்கு வாராராம். கேக்குறதுக்குக் குடுத்துட்டு பஸ்ஸுல வந்துருவோம். என்ன?”

நான் ரெண்டு தட்டுத் தட்டினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “நீ என்னத்தத் தட்டுனாலும் வண்டி இழுக்கணும்லா” என்றார்.

எட்டயபுரம் தாண்டியதும் வண்டி நின்றது. ரெண்டு பக்கமும் ஈரக் கரிசல், அப்போதுதான் முளைத்த பயிர். டீசல் இருக்கிறதா என்று பார்க்க இறங்கினார். டீசல் காட்டுகிற முள் எங்கள் வண்டியில் செத்து ரொம்ப நாளாகிறது. ஒரு பருத்திமார்க் குச்சியை ஒடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார், அதைத்தான் டேங்கில் விட்டு அளப்பார். மூடியைத் திருகினார். உஸ்ஸ்ஸ். அந்த ரோட்டில் அப்போது வேறு சத்தமே இல்லை. ஒரு நீள மூச்சு உள்ளே போகிற மாதிரி தெளிவாகக் கேட்டது. குச்சியை விட்டு எடுத்தார். பாதிக்கு மேல் ஈரம். டீசல் இருக்கிறது. மூடினார், வந்து ஏறிச் சாவியைத் திருப்பினார். உடனே எடுத்தது. பத்து நிமிசம் ஆறப்போடவில்லை, அரை நிமிசம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. டீசல் போட்டால் இழுக்கிறது என்று இவர் சொல்கிறாரே, இப்போது டீசல் போடவில்லையே. மூடியைத்தானே திறந்தார்?

கடைகளில் விற்கிற பெரிய எண்ணெய் டின்னில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் ஒழுங்காக வராது. மடக் மடக் என்று ரெண்டு முழுங்கு விட்டுவிட்டு நின்றுவிடும். எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட வேண்டும். அதில் காற்று போனால்தான் இதில் எண்ணெய் வரும். டின் எண்ணெய் வாங்குகிற எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும். அப்படியானால் எங்கள் டேங்கில் இன்னொரு ஓட்டை எங்கே?

இதை அவருக்கு எப்படித் தட்டிக் காட்டுவது? எண்ணெய் டின்னுக்கு என்ன சாடை? கை வைத்தேன், எடுத்தேன். கோவில்பட்டி வந்துவிட்டது.

பட்டறையில் பழைய வண்டி வாங்குகிறவர் ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வண்டியைச் சுற்றிவந்து டயரைக் காலால் எத்தினார். பின் கதவைத் திறந்து படாரென்று சாத்தினார். “இரும்பு வெலதான் அண்ணாச்சி” என்று மெக்கானிக்கிடம் சொன்னார். மெக்கானிக் சாக்பீஸை எடுத்தார். கழற்றவா, கொடுக்கவா என்று எழுதப்போகிறார் என்று தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஸ்டீரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்ததும் நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். இத்தனை வருசத்தில் அந்தப் பட்டறையில் என் கால் தரையில் பட்டது அதுதான் முதல் தடவை.

மெக்கானிக் பதறிப்போனார். “என்ன மதினி, தண்ணி வேணுமா? டீ சொல்லவா?”

“மூடியத் தொறந்தா உஸ்ஸுங்குது” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்னது?”

“டீசல் மூடி. தொறந்தா உஸ்ஸுன்னு காத்த இழுக்கு. தொறந்து மூடுனா வண்டி ஓடுது. எண்ணெ டின்னுக்கு ரெண்டாவது ஓட்ட போடாத மாதிரி இருக்கு…”

பழைய வண்டி வாங்குகிறவர் சிரித்துவிட்டார். “ஆச்சி இஞ்சினுக்குத் தாளிக்கச் சொல்லுதாவ!”

மெக்கானிக் சிரிக்கவில்லை. நேரே போய் மூடியைத் திருகினார். எட்டயபுரத்துக்கு அப்பால் மூடிய மூடி, அதோடு அவ்வளவு தூரம் ஓடிவந்த வண்டி. உஸ்ஸ்ஸ் என்று பட்டறை முழுக்கக் கேட்டது. பெஞ்சுக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அட!” என்றார் மெக்கானிக். மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் காய்ந்த சந்தனமும் குங்குமமும், அதன் மேல் புழுதியும் டீசலும் சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகிக் கிடந்தது.

“இதுக்குப் போயி பொட்டு வச்சது யாரு மதினி?”

நான்தான். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி நிறுத்தினால், ஸ்டீரிங், நாலு சக்கரம், ஜாக்கி, ஸ்பானர் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பது என் வேலை. பழைய டீசல் மூடியை ஆடி மாசம் அவர் எங்கேயோ விட்டுவிட்டு, பழைய சாமான் கடையில் இதை வாங்கி மாட்டியிருந்தார். இதன் நடுவில் அழகாக ஒரு குழி இருந்தது. பொட்டு வைக்கவே இடம் விட்டிருக்கிறான் என்று நினைத்து, பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அழுத்தி நிரப்பினேன். அந்தக் குழிக்குள் ஒரு ஊசித்துளை இருந்ததும், டேங்குக்குள் காற்று போகிற வழி அதுதான் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? பூஜைக்கு வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். மூன்று வாரமாக என் வீட்டுக்காரர், பொட்டு அழியக் கூடாதே என்று மூடியின் விளிம்பைப் பிடித்துத்தான் திருகியிருக்கிறார். மெக்கானிக்கும் ரெண்டு தடவை அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார், கை படாமல்.

“ஊக்கு இருந்தா குடுங்க மதினி” என்றார். வளையலில் கோத்திருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன். குத்திக் குடைந்து எடுத்தார். வாயில் வைத்து ஊதினார். காற்று மறுபக்கம் வந்தது. பெஞ்சில் இருந்தவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். “ஒரு பொட்டு எம் பொழப்பக் கெடுத்துருச்சே” என்றார். பட்டறை முழுக்கச் சிரித்தது.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். “என்னவாம்? எதுக்குச் சிரிக்காவ?” என்று என்னிடம் கேட்டார். மெக்கானிக் சாக்பீஸை எடுத்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மூடியை வாங்கி அந்தக் குழியைக் காட்டினேன். பிறகு என் நெற்றியைத் தொட்டேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். டேங்க் வாயை உள்ளங்கையால் அடைத்து, என் மூக்கையும் பொத்திக்கொண்டு, மூச்சு முட்டுகிற மாதிரி காட்டினேன். அத்தனை பேர் முன்னால்.

அவருக்குப் புரிந்துவிட்டது. டிரைவர் அல்லவா. மூடியை என் கையிலிருந்து வாங்கி, துளைக்கு நேரே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார்.

“வண்டி குடுக்கல” என்றார். மெதுவாகச் சொன்னதாக நினைத்திருப்பார். ரோட்டில் போன ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. கோபம்தான் என்று நினைத்தேன். மூன்று வாரம், ரெண்டு பில்டர், டேங்க் கழுவியது, சந்தையில் கெட்ட பேர் எல்லாம் என் கட்டைவிரலால் வந்தது. எட்டயபுரம் வந்தது, போனது. வழக்கமாக நிற்கிற நாலாவது மைலும் போனது. வண்டி ஒரே சீராக இழுத்தது. அவர் வெறுங்காலை மிதியில் வைத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்திப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அந்தச் சத்தம் ஒனக்கு எத்தன நாளாக் கேக்கு?”

ரெண்டு விரலைக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டிக் காட்டினேன். ரெண்டு வாரம்.

“ஏன் சொல்லல?”

இதற்கு ஒரு தட்டும் பத்தாது, ரெண்டு தட்டும் பத்தாது. ஆமாம் இல்லை என்று பதில் சொல்கிற கேள்வி இல்லை அது. கை அவர் முழங்கைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த தைரியத்தில் நான் வாயால் சொல்ல ஆரம்பித்தேன். உரக்கவே சொன்னேன். கூச்சமாக இருந்தது என்று சொன்னேன். பொம்பளைகள் சிரித்ததைச் சொன்னேன். வீட்டில் பதினாலு சொல் எண்ணியதைச் சொன்னேன். வண்டியைக் கொடுத்துவிட்டால் நீங்கள் என்னிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டேன். நான் சொல்வது ஒன்றும் உங்களுக்குக் கேட்பதில்லையே, நீங்கள் சொல்வதாவது எனக்குக் கேட்க வேண்டாமா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கல்யாணமான புதிதில்கூட அவரிடம் அப்படிப் பேசியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டேன்.

வண்டி ஓரமாகப் போய் நின்றது. நிறுத்தியது அவர்தான்; என் வாய் அசைந்துகொண்டே இருந்ததை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கமாக முழுக்கத் திரும்பி உட்கார்ந்தார்.

“இப்பம் சொல்லு” என்றார். கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்தார்.

அவர் அப்படிப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் வரவில்லை. முகத்துக்கு நேரே பார்த்துச் சொல்கிற சொற்களா அவை? உதட்டை அசைத்துப் பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

அது மட்டும் அவருக்கு உதட்டிலேயே பிடிபட்டுவிட்டது. பிறகு முன்பக்கம் திரும்பிக் கியரைப் போட்டார்.

“ஒண்ணுமில்லாததையா அம்புட்டு நேரம் பேசுன?” என்று கேட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.